களையை அடக்கும் இலைகள், மண்ணை வளர்க்கும் வேர்கள்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், துறைமுகத்துக்கு அண்மையில் அமைந்திருக்கும் பகுதிக்கு உப்பளம் என்று பெயர். பெயரே அம்மண்ணின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. கடற்காற்றும் மணற்பாங்கான நிலமும் உப்புக் கரிக்கும் நீரும் கொண்ட கடலோரப் பகுதிகளில் ஒரு கத்தரிச் செடியையோ கொத்தமல்லிப் பாத்தியையோ வளர்த்தெடுப்பது எளிதன்று. ஆனால் களைகளுக்கு மட்டும் இந்தத் தடையெல்லாம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தால் போதும். வீட்டுக் கொல்லை, காலி மனை, தெருவோரம், பள்ளிவாசலின் பின்புறம், மையவாடி என்று எங்கு நோக்கினும் பச்சைப் போர்வை விரிந்துவிடும். அதன் நடுவே வெண்ணிறச் சிறு பூக்களுடன் பார்த்தீனியம் தலைநீட்டும்.

அதை அகற்ற நம்மவர்கள் மூன்று வழிகளைக் கையாளுகின்றனர். காய்ந்தபின் தீ வைப்பது ஒன்று. உப்பையும் வினிகரையும் கலந்து தெளிப்பது இரண்டாவது. கடையில் களைக்கொல்லி மருந்து வாங்கி அடிப்பது மூன்றாவது. மூன்றிலும் ஒரு வாரத்தில் தரை வெறுமையாகிவிடும்; பார்ப்பதற்குத் துப்புரவாகவும் தோன்றும். ஆயினும் அடுத்த மழைக்கு அதே களைகள் முன்னிலும் செழித்து வளர்கின்றன. ஏன்?

வெறுமையான தரையைக் களைகளைப் போல் விரும்புவது வேறெதுவும் இல்லை. நிலம் ஒருநாளும் ஆடையின்றி இருக்கச் சம்மதிப்பதில்லை. நாம் தகுந்த ஆடையை உடுத்தாவிட்டால், அது தனக்குக் கிடைத்ததை உடுத்திக்கொள்கிறது. எனவே களையை ஒழிப்பது என்பது தரையை வெறுமையாக்குவதன்று. களையின் இடத்தில் நமக்கு வேண்டிய செடியைக் குடியமர்த்துவதே ஆகும். அவ்வாறு குடியமர்த்தப்படும் செடிகளில் சில, தம் இலையிலும் வேரிலும் உள்ள இயற்கை வேதிப்பொருட்களால் களையை அடக்குகின்றன. அதே வேளையில் மண்ணையும் வளப்படுத்துகின்றன. இவ்விதழில் அவற்றைப் பற்றிச் சிறிது விரிவாகக் காண்போம்.

உப்பும் நஞ்சும் தரும் விளைவு

முதலில் உப்பின் கதையைப் பார்ப்போம். உப்பு களையைக் கொல்லும் என்பது உண்மையே. வேர் உறிஞ்ச வேண்டிய நீரை உப்பு தன்பால் பிடித்து வைத்துக்கொள்வதால், ஈரம் இருந்தும் செடி தாகத்தால் மடிகிறது. ஆனால் களை மடிந்த பின்னும் உப்பு அங்கேயே தங்கியிருக்கும். அடுத்து நாம் நடும் முருங்கைக்கும் கீரைக்கும் அதே கதிதான் நேரும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளின் வயல்களில் கடல்நீரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, உப்பேறிய நிலம் என்ன பாடுபடும் என்பதை நம் கடற்கரை மக்கள் நேரிலேயே கண்டனர். நன்னீரால் அலசியும், ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும் அந்நிலங்களை மீட்க வேண்டியிருந்தது. பேரலை செய்த வேலையை நாமே கைப்பிடி கைப்பிடியாக நம் கொல்லைக்குச் செய்வது அறிவுடைமை ஆகுமா?

களைக்கொல்லி மருந்துகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பாராகுவாட் என்னும் மருந்தை எவரேனும் விழுங்கிவிட்டால், அதற்கு முறிவு மருந்து என்று எதுவுமே இல்லை. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அது சிதைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007ஆம் ஆண்டு முதல் அதற்கு இடமில்லை. கிளைபோசேட் என்னும் மற்றொரு மருந்தை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அது பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இத்தகைய மருந்தின் மிச்சத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி, சமையலறை மாடத்தில் வைக்கும் வழக்கம் எத்தனை இல்லங்களில் இருக்கிறது! கொல்லையில் அடிக்கும் மருந்து மழைநீரோடு வடிகாலில் இறங்கினால், அது கடைசியில் சேருமிடம் மீன்கள் வாழும் கடல் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

செடிகளின் மறைமொழி

செடிகள் ஓடி ஒளிய இயலாதவை. நின்ற இடத்திலேயே வாழவும் தம்மைக் காத்துக்கொள்ளவும் வேண்டியவை. ஆகவே பல செடிகள் தம்மைச் சுற்றி ஒருவகை வேலியை வேதிப்பொருட்களாலேயே அமைத்துக்கொள்கின்றன. இலையின் மேல் விழும் மழைத்துளி அப்பொருட்களைக் கரைத்துத் தரைக்குக் கொண்டுவருகிறது. உதிர்ந்த இலை மக்கும்போது அவை மண்ணில் கலக்கின்றன. வேர் தானாகவே சிலவற்றைக் கசியவிடுகிறது. சில, ஆவியாகக் காற்றில் பரவுகின்றன. அண்டை நிலத்தில் விழுந்த விதை அவற்றால் முளைக்காமல் போகிறது. அல்லது முளைத்தும் வேர் நீளாமல் சோர்ந்துவிடுகிறது.

இந்த இயல்புக்கு அல்லெலோபதி என்று பெயரிட்டவர் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் ஹான்ஸ் மோலிஷ். ஆண்டு 1937. ஒன்று மற்றொன்றால் அடையும் பாதிப்பு என்பது அச்சொல்லின் கிரேக்க மூலத்தின் கருத்து. இதே மோலிஷ் 1920களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, ஜகதீஷ் சந்திர போஸின் ஆய்வுக்கூடத்தில் விருந்தினராகத் தங்கிச் சென்றவர் என்பது நமக்கு உவப்பளிக்கும் செய்தி.

பெயர் புதிதாயினும் செய்தி பழையது. ரோமானிய அறிஞர் பிளினி, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே வால்நட் மரத்தின் நிழல் பிற செடிகளுக்கு ஆகாது என்று எழுதிவைத்தார். அம்மரத்தில் உண்டாகும் ஜுக்லோன் என்னும் பொருளே அதற்குக் காரணம் என்று பிற்காலத்தவர் கண்டனர். இந்த ஜுக்லோனுக்கு நம் இல்லங்களில் ஓர் உறவு உண்டு. பெருநாள் இரவிலும் திருமண வீட்டிலும் நம் பெண்மணிகளின் கைகளைச் சிவக்க வைக்கும் மருதாணியின் சாயப்பொருளான லாசோன்தான் அது. இரண்டிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அமைந்திருக்கும் இடம் மட்டுமே சிறிது வேறு. ஒரே குடும்பத்தில் பிறந்த ஒன்று கையை அலங்கரிக்கிறது. மற்றொன்று அண்டைச் செடியை அடக்குகிறது!

புதுச்சேரிக் கடற்கரையில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து பாருங்கள். ஊசி போன்ற சருகு மெத்தையாக விரிந்து கிடக்கும்; அதனூடே புல் பூண்டு முளைத்திருப்பது அரிது. நிழலும் சருகின் கனமும் ஒரு காரணம் என்றால், அச்சருகிலிருந்து கசியும் பொருட்கள் மற்றொரு காரணம். புளிய மரத்தடியில் பயிர் செய்யாதே என்று நம் முன்னோர் சொன்னதும் வெறும் பேச்சன்று. புளிய இலைக்கும் வேருக்கும் பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் ஆற்றல் இருப்பதை ஆய்வுகளும் உறுதிசெய்திருக்கின்றன.

சோளம் இன்னொரு சான்று. இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் நஞ்சாகும் என்பதை உழவர் அனைவரும் அறிவர். அதன் வேர்த்தூவிகளிலிருந்து சோர்கோலியோன் என்னும் எண்ணெய்ப் பசையுள்ள பொருள் கசிந்து, பக்கத்துக் களைகளின் வளர்ச்சியை நிறுத்துகிறது. பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், முற்றிக் காய்ந்த சோளத்தட்டையைத் துண்டுகளாக்கி நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கோதுமை வயலில் தெளித்துப் பார்த்தனர். களைகளின் எடை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. முழுவதும் அழியவில்லை என்பதையும் கவனியுங்கள். இலைச்சாறு நஞ்சைப் போல் ஒரே நாளில் அனைத்தையும் கருக்கிவிடாது. அது களையைத் தளர்த்தும். பயிர் முந்திக்கொள்ள அவகாசம் தரும். எஞ்சியதை நம் கையும் களைக்கொத்தியும் செய்ய வேண்டும்.

அடக்குவதும் வளர்ப்பதும் ஒன்றாக

களையை அடக்கும் செடி மண்ணையும் வளர்க்குமானால் அது இரட்டை நன்மையன்றோ? பயறு இனத்தைச் சேர்ந்த பசுந்தாள் உரச் செடிகளிடம் அந்தச் சிறப்பு உண்டு. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. செடியைப் பூக்கும் தறுவாயில் மண்ணோடு மடக்கிவிட்டால், அச்சத்து அடுத்த பயிருக்குச் சேர்கிறது.

உப்பளம் போன்ற கடலோர மண்ணுக்கு இவற்றுள் முதலிடம் பெறத்தக்கது தக்கைப்பூண்டு. உவர் மண்ணையும் தேங்கிய நீரையும் தாங்கி வளரும் பயிர் அது. நெருக்கமாக விதைத்தால் தரைக்கு வெயில் படாமல் மறைத்துவிடும். கீழே களை தலைதூக்க இயலாது. எக்டருக்கு 50 கிலோ விதை என்பது வேளாண் துறையினர் கூறும் அளவு. வீட்டுக் கணக்கில் சொல்வதானால் சென்ட் ஒன்றுக்கு 200 கிராம். 45 நாட்களில் மடக்குவதற்குத் தயாராகிவிடும்.

மணற்பாங்கான, உப்பு குறைந்த இடத்திற்குச் சணப்பும் ஏற்றது. மஞ்சள் பூக்களுடன் ஆளுயரம் வளரும் அதன் இலைகள் மக்கும்போது களை விதைகளின் முளைப்பைக் குறைக்கின்றன. வேரைத் துளைக்கும் நூற்புழுக்களையும் கட்டுப்படுத்துகின்றன. கொளிஞ்சியோ யாரும் விதைக்காமலே வறண்ட தரிசுகளில் வளர்வது. ஆடு மாடுகள் அதைப் பெரிதும் நாடாததால் வேலியற்ற இடத்திலும் தங்கும். அதன் விதை மேல்தோல் தடித்தது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் ஒருசீராக முளைக்கும்.

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து நெல் வயல்களுக்குச் சென்றால், புங்கு, வேம்பு, எருக்கு, கிளிரிசிடியா தழைகளைச் சேற்றில் மிதித்துவிடும் பழைய வழக்கத்தை முதிய உழவர்கள் எடுத்துரைப்பர். தழை சேற்றில் அழுகும்போது உண்டாகும் அமிலங்கள் களை விதையின் முளைப்பைத் தடுக்கின்றன. அதே அமிலங்கள் இளநாற்றின் வேரையும் சுடும் என்பதால், தழை மிதித்தவுடன் நடாமல் சில நாட்கள் கழித்தே நடுவர். காரணத்தை ஆய்வுக்கூடம் பின்னாளில் சொன்னது. காலக்கணக்கை அனுபவம் முன்பே சொல்லிவிட்டது.

வேப்பம் பிண்ணாக்கின் பெருமை வேறு வகையானது. யூரியா இட்டால் அதன் தழைச்சத்து விரைவில் உருமாறி, நீரோடு கீழிறங்கியும் காற்றில் கலந்தும் வீணாகிறது. வேம்பின் கசப்புப் பொருட்கள் அந்த உருமாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்களை மந்தப்படுத்துவதால், உரம் நின்று நிதானமாகப் பயிருக்குச் சேர்கிறது. தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வின் பயனாக, 2015ஆம் ஆண்டு நம் நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. மணலில் போட்ட உரமெல்லாம் ஒரே மழையில் இறங்கிவிடுகிறது என்று வருந்துவோர், செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கைப் பொடித்து இட்டுப் பார்க்கலாம்.

பூனைக்காலியைப் பற்றியும் ஒரு சொல். அதன் விதையிலும் இலையிலும் வேரிலும் எல்-டோபா என்னும் பொருள் உள்ளது. முதியோரின் கைநடுக்க நோய்க்கு மருத்துவர்கள் தரும் அதே பொருள்தான். அது களைகளை அடக்குவதை ஜப்பானிய அறிஞர் யோஷிஹாரு ஃபுஜி ஆராய்ந்து விளக்கினார். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டுக் குடியானவர்கள் மக்காச்சோளத்துக்கு முன் இக்கொடியைப் படரவிட்டு, அதற்கு உரப் பயறு என்றே பெயரிட்டுள்ளனர். எனினும் நம் காட்டுப் பூனைக்காலிக் காயின் சுணை உடலில் பட்டால் கடுமையான அரிப்பு உண்டாகும். ஆதலால் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதை வளர்க்க வேண்டாம்.

நைரோபியிலிருந்து ஒரு படிப்பினை

நம் நாட்டுச் சோளக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களை உண்டு. பயிரின் வேரைப் பற்றிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சி வாழ்வது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே இனத்துக் களை, ஏழைகளின் மக்காச்சோள வயல்களைப் பாழாக்கிவந்தது. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் ஜியாவுர் கான் என்ற இந்திய அறிஞரும், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தாரும் 1990களில் அதற்கொரு வழி கண்டனர்.

மக்காச்சோள வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்னும் பயறு இனச் செடியை வளர்த்தனர். தண்டுத் துளைப்பானை விரட்டுவதற்காகவே அதை முதலில் இட்டனர். ஆனால் அது நின்ற இடத்தில் சுடுமல்லியும் மறைந்துபோவதைக் கண்டு வியந்தனர். ஆராய்ந்தபோது விளங்கியது இது: டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவில் ஒரு பொருள் சுடுமல்லியின் விதையை முளைக்கத் தூண்டுகிறது, மற்றொரு பொருள், முளைத்த வேர் மக்காச்சோளத்தைப் பற்றவிடாமல் தடுக்கிறது. பற்றுக்கோடின்றி அது தானே மடிகிறது. மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும் விதைச் சேமிப்பு இவ்வாறு ஆண்டுதோறும் கரைகிறது. கூடவே தழைச்சத்தும் சேர்கிறது. மாட்டுக்குத் தீவனமும் கிடைக்கிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு உழவர் குடும்பங்கள் இம்முறையை ஏற்றுப் பயன்பெற்றன. கைப்பொருள் இல்லாதவனுக்கும் கைகொடுக்கும் அறிவியல் என்பது இதுவே.

பார்த்தீனியமும் துலுக்கச் சாமந்தியும்

இனி நம் மையவாடிகளையும் காலி மனைகளையும் பிடித்திருக்கும் பார்த்தீனியத்தைப் பார்ப்போம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950களில் பூனா நகரில் கண்டறியப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரு செடி பல ஆயிரம் விதைகளைச் சிதறவிடும். இதுவும் வேதிப்பொருளால் போர் செய்யும் செடியே! இதன் பார்த்தினின் என்னும் பொருள் பக்கத்துப் பயிரை முளைக்கவிடாது. மனிதர் உடலில் பட்டால் அரிப்பும் புண்ணும் தரும். மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும். மக்தபு விட்டு வரும் பிள்ளைகள் இதனூடே ஓடி விளையாடுவதை நாம் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

முள்ளை முள்ளால் எடுப்பதுபோல் இதற்கும் செடியாலேயே தீர்வு உண்டு. ஊசித்தகரை என்னும் தகரைச் செடி மழைக்காலத்தில் நெருக்கமாக வளர்ந்து பார்த்தீனியத்தை நெருக்கி வெளியேற்றிவிடும். ஜபல்பூரில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட களை ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது. முற்றிய தகரை விதையைச் சேர்த்துவைத்து, மழைக்கு முன் தூவினால் போதும். மற்றொன்று, நம் பெயராலேயே தமிழில் வழங்கும் துலுக்கச் சாமந்தி! அதன் வேரிலிருந்து வெளிப்படும் பொருள் மண்ணிலுள்ள நூற்புழுக்களை மடியச் செய்கிறது. நெருக்கமாக நட்டால் பார்த்தீனியத்தையும் அடக்குகிறது. வியப்பு என்னவென்றால் துலுக்கச் சாமந்தியின் தாயகம் மெக்சிகோ. பார்த்தீனியத்தின் இலையை மட்டுமே விரும்பித் தின்னும் மெக்சிகோ வண்டொன்றையும் 1984ஆம் ஆண்டு பெங்களூரில் ஆய்வாளர்கள் விடுவித்தனர். நோய் வந்த திசையிலிருந்தே மருந்தும் வந்திருக்கிறது.

பிடுங்கிய பார்த்தீனியத்தை எரிக்க வேண்டியதில்லை. பூப்பதற்கு முன் பிடுங்கியதாக இருந்தால், குழியில் சாணக் கரைசலும் மண்ணும் இடையிட்டு அடுக்கி மூடி, நன்றாக மக்கிய பின் எருவாக்கலாம். பூத்து விதை கட்டியதை ஒருபோதும் எருக்குழியில் இடாதீர்கள். எருவோடு விதையும் பரவிவிடும்.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்று பொருளா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. அரளி இலைச்சாற்றைக் களைக்குத் தெளிக்கலாம் என்று எவரேனும் சொன்னால் செவிசாய்க்காதீர்கள். அது மனிதரின் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. வேப்பெண்ணெய் செடிக்கு நல்லதுதான்; பச்சிளம் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

1977ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஓர் ஆய்வாளர் தம் தோட்டத்துப் பாட்டில் பிரஷ் மரத்தடியில் களை குறைவாக இருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த லெப்டோஸ்பெர்மோன் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு, மீசோட்ரியோன் என்னும் களைக்கொல்லி தொழிற்சாலையில் செய்யப்பட்டு 2001ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. மரத்தடியில் துளித்துளியாய்க் கசிந்து சில நாட்களில் மண்ணில் சிதைவது வேறு. செறிவாக்கி வயல் முழுதும் தெளிப்பது வேறு. அளவும் இடமும் தெரிந்து பயன்படுத்தும்போதே இயற்கையின் பொருள் நமக்கு நன்மையாகிறது.

அவ்வாறே களையை அடக்கும் இலை பயிரையும் அடக்கக்கூடும். சவுக்கு, புளி, யூகலிப்டஸ் சருகுகளை நடைபாதையிலும் வேலியோரத்திலும் பரப்பலாம். கீரைப் பாத்தியில் பரப்பினால் விதைத்த கீரையும் முளைக்காது.

இல்லத்திலும் ஜமாஅத்திலும்

இவற்றையெல்லாம் உப்பளத்தில் ஒரு சென்ட் கொல்லை உடைய இல்லத்தரசி எவ்வாறு செயற்படுத்தலாம்? ஆவணி இறுதியில் ஒரு மழை பெய்து தரை நனைந்ததும், இருக்கும் களையை வேரோடு பிடுங்கிவிட்டு 200 கிராம் தக்கைப்பூண்டு விதையைத் தூவி, மண்ணைக் கிளறிவிடுக. மழை தவறினால் வீட்டில் காய்கறி கழுவிய நீரை ஊற்றலாம்; சோப்பு நீரும் உப்பு நீரும் வேண்டாம். 45ஆம் நாள் வாக்கில், தண்டு நார்ப்பற்று அடையுமுன் மண்வெட்டியால் சிறு துண்டுகளாக வெட்டி மண்ணோடு புரட்டிவிடுக. ஐப்பசி மழை அதை மக்க வைப்பதோடு, மேல்மண்ணின் உப்பையும் கீழே கழுவிச் செல்லும். இரண்டு வாரம் பொறுத்து கத்தரி, வெண்டை, கீரை எது வேண்டுமானாலும் பயிரிடலாம். ஓரங்களில் துலுக்கச் சாமந்தி ஒரு வரிசை. நடைபாதையில் மூன்று விரற்கடை உயரத்திற்குச் சருகு. தரையின் எந்தப் பகுதியும் வெறுமையாக இல்லாதபடி பார்த்துக்கொள்வதே இதன் சூட்சுமம். முதல் ஆண்டில் களை பாதியாகக் குறைந்தாலே வெற்றி என்று கொள்ளுங்கள்.

மையவாடியின் நிலை தனி. அங்கே உழவும் இயலாது. தீ வைப்பதும் தகாது. நஞ்சு தெளிப்பதும் அழகன்று. கபர்களின் மீது நடமாடாமல் இடைவழிகளில் நின்றே வேலை செய்ய வேண்டும். மழை பெய்து தரை இளகியிருக்கும் நாளில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்த இளைஞர்கள், பார்த்தீனியம் பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். தோல் அரிப்போ மூச்சிரைப்போ உள்ளவர்கள் இப்பணியில் இறங்க வேண்டாம். பிடுங்கிய இடத்தில் அன்றே துலுக்கச் சாமந்தி விதையைத் தூவிவிடலாம். சுற்றுச்சுவரின் வெளிப்புறத் தரிசில் ஊசித்தகரையை விதைக்கலாம். உள்ளே வேண்டாம், உயர்ந்து புதராகிவிடும். இவ்வாறு மூன்று மழைக்காலம் விடாமல் செய்தால், மண்ணில் உறங்கும் விதைச் சேமிப்பு குறைந்து களையின் வேகம் அடங்கும். முத்தவல்லிமார்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் ஆண்டுக்கொருமுறை களைக்கொல்லிக்குச் செலவிடும் தொகையைச் சிறிது விதைக்கும் கையுறைக்கும் ஒதுக்கினால் போதுமானது.

விதைக்கும் ஆலோசனைக்கும் அலைய வேண்டியதில்லை. நம் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதே புதுச்சேரியில்தான். அத்தகைய நிலையங்கள் இன்று தமிழகத்தின் மாவட்டங்களிலும் இயங்குகின்றன. கொல்லை மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்று உப்பின் அளவைச் சோதித்துக் கேட்டபின் விதைப்பது இன்னும் சிறப்பு.

மண்ணை மதித்தல் நம் சமுதாயத்திற்குப் புதிய பாடமன்று. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், கிதாபுல் ஃபிலாஹா என்னும் வேளாண் பெருநூலை எழுதினார். பயிரைப் பற்றிப் பேசப் புகுமுன் அவர் மண்ணின் வகைகளுக்கு ஓர் அத்தியாயமும், எருவின் வகைகளுக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்கினார் என்பது சிந்திக்கத்தக்கது. முதலில் மண், பிறகே பயிர் என்ற அந்த வரிசையை நாம் தலைகீழாக்கியதால்தான் களையைக் கண்டவுடன் நஞ்சைத் தேடுகிறோம்.

நாம் இந்நிலத்தில் சில காலம் தங்கிச் செல்பவர்கள். நமக்குப்பின் இதே கொல்லையில் நம் பேரப்பிள்ளைகள் கீரை பறிக்க வேண்டும். இதே மையவாடிக்கு அவர்கள் நமக்காக வந்து நிற்க வேண்டும். அவர்கள் கால் வைக்கும் மண்ணில் உப்பையும் நஞ்சையும் விட்டுச்செல்வதா, தழையையும் வேரையும் விட்டுச்செல்வதா என்பது இந்த மழைக்கு முன் நாம் எதைத் தூவுகிறோம் என்பதைப் பொறுத்தது. தக்கைப்பூண்டு விதையை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.